எவ்வளவு நெருங்கலாம்? – ராமச்சந்திரன் வரைபடம் பிறந்த கதை

மூலக்கூறு உயிரியல் படிக்க எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் சரி, புரதங்களைப் பற்றிய பாடம் தொடங்கிச் சில வகுப்புகள் போனதும் ஒரு சதுரம் பலகையில் ஏறிவிடும். கிடைமட்ட அச்சில் ஃபை என்ற கோணம், செங்குத்து அச்சில் சை என்ற கோணம். இரண்டும் −180 டிகிரியில் தொடங்கி +180 டிகிரியில் முடியும். இடது மேல்மூலையில் அகலமாக ஒரு திட்டு, அதற்குக் கீழே நடுக்கோட்டைத் தாண்டி இன்னொரு திட்டு, வலது பக்கம் தனித்து ஒரு சின்னத் திட்டு. மற்றதெல்லாம் வெற்றிடம். இதுதான் ராமச்சந்திரன் பிளாட்.

மேலே இருப்பது பீட்டா, கீழே இருப்பது ஆல்ஃபா, வலது பக்கம் இடச்சுருள் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தப் படத்தின் சரக்கெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏன் எதுவும் இல்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள், சென்னை கிண்டியில் இயங்கிய ஒரு இயற்பியல் துறைக்காரர்கள். அந்தக் கணக்கைப் போட அவர்களைத் தூண்டியது, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஒரு கண்டனம்.

தோல் ஆராய்ச்சிக்குப் பக்கத்து வீடு

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அதே வளாகத்தில் சி.வி. ராமன் இருந்தார். மின்பொறியியல் போயிற்று, ராமச்சந்திரன் ராமனின் மாணவரானார். 1947இல் கேம்பிரிட்ஜ் போய், படிகவியல் அறிஞர் வூஸ்டரிடம் ஆய்வு செய்து, 1949இல் முனைவர் பட்டத்தோடு பெங்களூருக்குத் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்க ஆள் தேடினார். ராமனின் பரிந்துரையில் ராமச்சந்திரன் வந்தார். முப்பதை ஒட்டிய வயது. வந்ததும் செய்த முதல் காரியம், எக்ஸ்-கதிர் படிகவியலுக்கு ஓர் ஆய்வகம் அமைத்தது. எதை ஆராய்வது என்ற கேள்விக்குப் பதில் வெளியிலிருந்து வந்தது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் ஒழுங்காகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

கொலாஜன் நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கிற புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் வலு தருவது இதுதான். பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். கிண்டி வளாகத்துக்கு அடுத்தாற்போல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. சுறாத் துடுப்பிலிருந்து எடுத்த கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. இன்னும் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டுமென்று, ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காரு வாலின் தசைநாண் வரவழைக்கப்பட்டது. ராமச்சந்திரனோடு இந்த வேலையில் உட்கார்ந்தவர் கோபிநாத் கர்த்தா.

அவர்கள் பிடித்துக்கொண்ட துப்பு, வேதியியலார் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்று: எந்த விலங்கிலிருந்து எடுத்தாலும் கொலாஜனின் அமினோ அமிலங்களில் சுமார் மூன்றில் ஒன்று கிளைசின். இருபது அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அது. அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு தற்செயலாக வந்திருக்க முடியாது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடினால், நடு அச்சுக்கு அருகே எந்தப் பக்கக் கிளைக்கும் இடமிருக்காது. கிளைசின் மட்டும்தான் அங்கே நுழையும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தால் கணக்கு நேராகிவிடும். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் மூன்று சங்கிலிச் சுருளை முன்வைத்தார்கள். 1955 செப்டம்பரில் அதைத் திருத்தினார்கள்: மூன்று சுருள்களும் நேராக நிற்காமல், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முறுக்கேறிப் போகின்றன.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குத்தல்

அதே ஆண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக். டி.என்.ஏ. இரட்டைச் சுருளால் கிரிக்கின் பெயர் பரவத் தொடங்கியிருந்த காலம். மூன்று சங்கிலி, முறுக்கு, மூன்றாவது இடத்தில் கிளைசின் என்ற சென்னையின் சட்டகத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் விவரத்தை ஏற்கவில்லை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொன்னது. ஒன்றுதான் இருக்க முடியும் என்றது கேம்பிரிட்ஜ். இரண்டு பிணைப்புக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் சில அணுக்கள் தாங்கவே முடியாத அளவுக்கு நெருங்கிவிடும் என்பது அவர்களுடைய வாதம்.

இதில் இருக்கிற முள்ளைக் கவனிக்க வேண்டும். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அன்றைக்குப் பாடப்புத்தகக் கணக்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு அணுவுக்கும் வான் டெர் வால்ஸ் ஆரம் உண்டு. இரண்டு ஆரங்களையும் கூட்டினால் வரும் தூரத்துக்குக் கீழே அவை நெருங்கக் கூடாது. அந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது? 0.2 ஆங்ஸ்ட்ராம் குறைந்தால் அமைப்பே பொய்யாகிவிடுமா, இல்லை அது இயற்கையில் சகஜமா? கண்டனம் செய்தவர்களும் சரி, கண்டனத்துக்கு ஆளானவர்களும் சரி, இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லும் நிலையில் அப்போது இல்லை.

ஒரு கொலாஜன் மாதிரியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த மாதிரியைப் பற்றி மட்டும் வாதாடியிருக்கலாம். ராமச்சந்திரன் கேள்வியை அகலமாக்கினார். கொலாஜனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்க்கச் சொல்லி ஆய்வு மாணவர் வி. சசிசேகரனை இறக்கினார். அதுவரை உலகில் அமைப்பு தீர்க்கப்பட்டிருந்த அமினோ அமிலப் படிகங்கள், சின்ன பெப்டைடுப் படிகங்கள், அவற்றை ஒத்த சேர்மங்கள் எல்லாவற்றையும் எடுத்து, பிணைப்பில்லாத அணுச் சோடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அட்டவணையாக்கும் வேலை அது.

அந்த அட்டவணையில் இரண்டு வரிசை இருந்தது. முதலாவது, சாதாரணமாக அனுமதிக்கக்கூடிய தூரம். இரண்டாவது, அபூர்வமாக எட்டுகிற கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் ஆரக் கணக்குப்படி 3.4 ஆங்ஸ்ட்ராம் வேண்டும். படிகங்களைப் பார்த்தபோது 3.2 சாதாரணம், 3.0 கடைசி எல்லை. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் ஆரக் கணக்கு 2.4 கேட்கிறது, அட்டவணையில் 2.0, 1.9. புத்தகம் சொன்னதைவிட அணுக்கள் கூடுதலாகவே நெருங்குகின்றன என்று தெரிந்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் அந்த எல்லை எது என்பதும் கூடவே தெரிந்தன. கேம்பிரிட்ஜோடு வாதாட ஆயுதம் தேடிப் போனவர்கள், எந்தக் கட்சியும் பயன்படுத்தலாம் என்கிற ஓர் அளவுகோலோடு திரும்பினார்கள்.

இரண்டே கீல்கள்

அளவுகோலை எதன் மேல் வைப்பது? இங்கே புரதச் சங்கிலியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

புரதத்தின் முதுகெலும்பில் மூன்று அணுக்கள் மாறி மாறி வருகின்றன: நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்போனைல் கார்பன். ஓர் அமினோ அமிலத்தின் கார்போனைல் கார்பனும் அடுத்ததின் நைட்ரஜனும் சேருமிடம் பெப்டைடு பிணைப்பு. அது பார்வைக்கு ஒற்றைப் பிணைப்பு, குணத்தில் பாதி இரட்டை. நீளம் சுமார் 1.32 ஆங்ஸ்ட்ராம், சாதாரண கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டை. ஆகவே அது திருகாது. அதைச் சுற்றியுள்ள அணுக்கள் எல்லாம் ஒரே தளத்தில் தட்டையாகக் கிடக்கும். மூலைக்கு மூலை குண்டூசி குத்திக் கோத்த சீட்டுக்கட்டுபோலத்தான் புரதச் சங்கிலி: சீட்டுகள் வளையாது, குண்டூசி குத்திய இடத்தில் மட்டும் திரும்பும். அந்த இடம் ஆல்ஃபா கார்பன்.

இந்தத் தட்டைத்தன்மைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உலகம் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பார்த்திருந்தது. 1950இல் பிராக், கெண்ட்ரூ, பெரூட்ஸ் மூவரும் புரதச் சங்கிலி எடுக்கக்கூடிய சுருள் வடிவங்களை வரிசையாகப் பட்டியலிட்டார்கள். பெப்டைடு தட்டை என்ற நிபந்தனையை அவர்கள் வைக்கவில்லை. சரியான சுருள் கைநழுவியது. அடுத்த ஆண்டே லைனஸ் பாலிங்கும் கோரியும் பிரான்சனும் அந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா சுருள் கிடைத்தது. எது நடக்காது என்று முதலிலேயே வெட்டிவிட்டால் நடக்கக்கூடியது தானே தென்படும் என்ற பாடம் அதில் இருந்தது. சென்னை அந்தப் பாடத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோயிற்று.

ஒவ்வொரு ஆல்ஃபா கார்பனிலும் திரும்பக்கூடிய கீல் இரண்டு. நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் நடுவே திரும்பும் கோணம் ஃபை. ஆல்ஃபா கார்பனுக்கும் கார்போனைல் கார்பனுக்கும் நடுவே திரும்பும் கோணம் சை. நூறு அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் எப்படி மடிந்து கிடக்கிறது என்பதை ஏறக்குறைய இருநூறு எண்களில் எழுதிவிடலாம். ஓர் அமினோ அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டே எண்கள். இரண்டு எண் என்றால் காகிதத்தில் ஒரு புள்ளி. புரதச் சங்கிலியின் எந்த வளைவையும் ஒரு சதுரத்துக்குள் புள்ளியாக வைக்கலாம் என்ற யோசனைதான் இந்த வரைபடத்தின் உயிர். இவ்வளவு எளிய யோசனை, வந்த பிறகுதான் எளிதாகத் தெரிகிறது.

கையால் போட்ட கணக்கு

சி. ராமகிருஷ்ணன் என்ற இளம் ஆய்வாளர் இந்தக் கட்டத்தில் சேர்ந்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்டது அலனைன். இருபுறமும் ஒவ்வொரு பெப்டைடுத் தகடு. அலனைனைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பக்கக் கிளையில் பீட்டா கார்பன் ஒன்றுதான் உண்டு. கிளைசினைத் தவிர மற்ற எல்லா அமினோ அமிலங்களிலும் அந்தக் கார்பன் இருக்கிறது. ஆகவே அலனைனுக்கு எந்த வளைவு ஆகாதோ, அது மற்றவற்றுக்கும் அநேகமாக ஆகாது.

கணக்கின் முறையைச் சொல்வது சுலபம். ஃபைக்கு ஒரு மதிப்பு, சைக்கு ஒரு மதிப்பு எடுத்துக்கொள். தகடுகளை அந்தக் கோணத்துக்குத் திருப்பு. ஒவ்வொரு அணுவும் எங்கே போய் நிற்கிறது என்று ஆயங்களைக் கண்டுபிடி. பிணைப்பில்லாத ஒவ்வொரு சோடிக்கும் தூரம் கணக்கிடு. சசிசேகரனின் அட்டவணையோடு ஒப்பிடு. ஒரு சோடி எல்லையைத் தாண்டி நெருங்கினாலும் அந்தப் புள்ளிக்கு அனுமதி இல்லை. பிறகு அடுத்த புள்ளி.

செய்வதுதான் கடினம். பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி என்று வைத்தாலே 36க்கு 36, மொத்தம் 1,296 புள்ளி வந்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் பல அணுச் சோடிகள். அவர்கள் கையில் கணினி இல்லை. மேசைக் கணக்குப் பொறியும் தாளும் பென்சிலும்தான். அங்கே வடிவியல் கைகொடுத்தது. சில சோடிகளின் தூரம் ஃபையை மட்டும் பொறுத்தது. சை என்னவானாலும் மாறாது. அப்படிப்பட்ட ஒரு சோடி மோதினால், சதுரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையை ஒரேயடியாக அடித்துவிடலாம். வேறு சில சோடிகள் சையை மட்டும் பொறுத்தவை. அவை குறுக்குவாட்டில் பட்டையை அடித்துவிடும். இரண்டு கோணத்தையும் சேர்ந்து பொறுத்த சோடிகளுக்குத்தான் புள்ளி புள்ளியாகக் கணக்கு வேண்டும். வரைபடத்தின் திட்டுகளுக்குச் சில பக்கங்களில் நேரான ஓரம் இருப்பதன் ரகசியம் இதுதான்.

கணக்கு முடிந்தபோது சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டிருந்தது. சாதாரண எல்லையை வைத்தால் மிஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடைசி எல்லைவரை தளர்த்தினாலும் கால்வாசி தேறவில்லை. மிஞ்சிய இடத்தில் என்ன இருந்தது? ஆல்ஃபா சுருளின் கோணங்கள், சுமார் −57, −47: கீழ்த்திட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. பீட்டா தாளின் நீண்ட சங்கிலி மேல்திட்டில். கொலாஜனின் சங்கிலியும் அதே மேல்திட்டில். வலச்சுருளுக்கு இருந்த தாராளம் இடச்சுருளுக்கு இல்லை. வலது பக்கம் குறுகிய இடம்தான். பாலிங் முதலானோர் தனித்தனி வழியில் கண்டுபிடித்த வடிவங்கள் எல்லாம், அணுக்கள் மோதக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்து ஒரே படத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

இதன் முதல் வடிவங்கள் சசிசேகரனின் பெயரில் 1962இல் கொலாஜன் பற்றிய ஒரு தொகுப்பு நூலில் வந்தன. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரிலும் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி' இதழின் ஏழாம் தொகுதியில், 95ஆம் பக்கத்திலிருந்து 99ஆம் பக்கம் வரை, 1963இல் அந்தக் கட்டுரை அச்சானது. மொத்தமே ஐந்து பக்கம். இன்றைய மாணவர் அதைத் தேடி எடுத்துப் பார்த்தால் முதலில் குழம்புவார். அதில் கோணங்கள் 0 முதல் 360 வரை ஓடும். திட்டுகள் வேறு இடங்களில் இருக்கும். இன்று நாம் பார்க்கும் −180 முதல் +180 வரையிலான அச்சுகள், 1970இல் சர்வதேச வேதியியல், உயிர்வேதியியல் அமைப்புகள் கூடி வகுத்த மரபுப்படி வந்தவை. இடம் மாறினாலும் உருவம் அதேதான்.

கட்டுரை வந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்தால்தான் இதன் துணிச்சல் புரியும். 1963இல் அணு அணுவாகப் பார்க்கும் அளவுக்குத் தீர்க்கப்பட்டிருந்த புரதம் அநேகமாக ஒன்றுதான்: கெண்ட்ரூவின் மயோகுளோபின். லைசோசைம் வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. நூற்றுக்கணக்கான புரதங்களைப் பார்த்துப் பொதுமை கண்டவர்கள் அல்லர் இவர்கள். பார்க்க எதுவும் இல்லாத காலத்தில் சின்னப் படிகங்களின் தூரங்களிலிருந்து புறப்பட்டு, இனிமேல் வரப்போகிற புரதங்கள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் இருக்கும் என்று சொன்னார்கள். அணுக்களைக் கெட்டிப் பந்துகளாகவும் பிணைப்புக் கோணங்களை அசையாதவையாகவும் வைத்துப் போட்ட முரட்டுக் கணக்கு அது. பின்னால் வந்த நுட்பமான ஆற்றல் கணக்குகள் ஓரங்களைத் திருத்தின. ஆல்ஃபா கார்பனின் பிணைப்புக் கோணம் கொஞ்சம் விரிந்து கொடுத்தால், மேல்திட்டுக்கும் கீழ்த்திட்டுக்கும் நடுவே ஒரு பாலம் விழும் என்பதும் உறுதியானது. அடிப்படை உருவம் ஆடவில்லை.

யார் வென்றார்கள்?

கொலாஜன் வழக்கு என்னவாயிற்று என்று கேட்கலாம். மூன்று சங்கிலி, முறுக்கு, நடுவில் கிளைசின் என்ற சட்டகம் சென்னையுடையது; அது நிலைத்தது. இரண்டு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு என்பது நிலைக்கவில்லை. அந்த இடத்தில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான் சரி. 1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் இரண்டாவது பிணைப்பு ஒரு நீர் மூலக்கூறு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று எழுதினார்கள். 1994இல் ஜோர்டி பெல்லா, ஹெலன் பெர்மன் குழுவினர் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பை வெளியிட்டபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றும் சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகளின் ஒழுங்கான வலையும் தெரிந்தன.

ஆக, விவாதத்தில் சென்னை பாதிதான் ஜெயித்தது. ஆனால் விவாதத்துக்காகச் செய்த அளவுகோல், விவாதத்தைவிடப் பெரிதாகிவிட்டது. கிளைசினின் வரைபடத்தைப் பார்த்தால் அந்தத் தொடர்பு இன்னும் தெளியும். பீட்டா கார்பன் இல்லாததால் கிளைசினுக்கு மோதல் குறைவு. அதன் வரைபடம் நான்கு மூலைகளிலும் பரந்து, மையத்தைச் சுற்றிச் சமச்சீராக இருக்கும். மற்றவற்றால் போக முடியாத கோணத்துக்கு அது போகும். திடுமென்று திரும்புகிற வளைவுகளில் புரதங்கள் கிளைசினை வைப்பதும் அதனால்தான். நேர்மாறாக, புரோலினின் பக்கக் கிளை வளைந்து வந்து தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்கிறது. ஃபை கிட்டத்தட்ட −65 டிகிரியில் பூட்டப்பட்டுவிடும். வரைபடம் ஒற்றைப் பட்டையாகச் சுருங்கிவிடும். கொலாஜனில் கிளைசினுக்கு அடுத்தபடி புரோலின் ஏன் அவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கும் அதில் பாதி விடை இருக்கிறது.

ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டுப் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அங்கே பேராசிரியர்களானார்கள். கர்த்தா அமெரிக்கா போய், 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைத் தீர்த்தவர்களில் ஒருவரானார். 1977இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும், 1999இல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசும் ராமச்சந்திரனுக்கு வந்தன. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் மறைந்தார். கிண்டி வளாகத்தில் அவர் வளர்த்த படிகவியல், உயிர்இயற்பியல் உயராய்வு மையம் இன்றும் இயங்குகிறது.

பொய்யைக் காட்டிக்கொடுக்கும் படம்

புரத அமைப்புகளைச் சேமிக்கும் உலகப் பொதுக் களஞ்சியமான புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அமைப்புகள் பெருகப் பெருகத் தவறான அமைப்புகளும் நுழைந்தன. எக்ஸ்-கதிர் தரவு மங்கலாக இருந்தால், எலக்ட்ரான் அடர்த்தி முகில் போலத்தான் தெரியும். சங்கிலி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளரின் விருப்பம் கலந்துவிடும். 1990இல் பிரேண்டனும் ஆல்வின் ஜோன்ஸும் 'நேச்சர்' இதழில் இந்த ஆபத்தை வெளிப்படையாக எழுதினார்கள். 1993இல் வந்த புரோசெக் என்ற மென்பொருள், ஒவ்வொரு அமைப்பையும் சோதித்து முதல் பக்கத்திலேயே ராமச்சந்திரன் பிளாட்டைப் போட்டுக் காட்டியது.

அதன் வலிமை எவ்வளவு என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1995இல் கிளைவெக்ட் என்பவரும் அதே ஜோன்ஸும் ஒரு புரதத்தை வேண்டுமென்றே தலைகீழாகக் கட்டினார்கள்: சங்கிலியின் வாலை முதலாகவும் முதலை வாலாகவும் வைத்து. பிறகு வழக்கமான மென்பொருளால் மெருகேற்றினார்கள். அமைப்பும் தரவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஆர்-காரணி, பிரசுரத்துக்குத் தகுந்த அளவுக்கு இறங்கிவிட்டது! பிணைப்பு நீளமும் கோணமும் அழகாக இருந்தன. முழுக்க முழுக்கப் பொய்யான அமைப்பு மேலோட்டமாகத் தேறிவிட்டது. காட்டிக்கொடுத்தவை, மெருகேற்றும்போது ஒதுக்கி வைத்திருந்த தரவும் ராமச்சந்திரன் பிளாட்டும்தான். புள்ளிகள் வெற்றிடமெங்கும் சிதறிக் கிடந்தன.

ஏன் இந்தப் படம் மட்டும் ஏமாறவில்லை? பிணைப்பு நீளத்தையும் கோணத்தையும் மென்பொருளே சரிசெய்துவிடும். அவை அழகாக வருவதில் வியப்பில்லை. ஃபையையும் சையையும் அன்றைய மென்பொருள் தொடுவதில்லை. சங்கிலியைச் சரியாகக் கட்டியிருந்தால் புள்ளிகள் தாமாகத் திட்டுகளுக்குள் வந்து விழும், இல்லாவிட்டால் விழாது. யாரும் கைவைக்காத இடம் என்பதால்தான் அது சாட்சி சொல்ல முடிந்தது.

இப்போது நல்ல தரவிலிருந்து கவனமாகக் கட்டிய அமைப்பில் நூற்றுக்கு 98 புள்ளிகள் சாதகமான திட்டுகளுக்குள் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு வெளியே நிற்பது குற்றமல்ல. நொதியின் வினைமையத்தில் ஓர் அமினோ அமிலம் அக்கம்பக்கத்துப் பிணைப்புகளின் பலத்தில் சங்கடமான கோணத்தில் நிற்பதுண்டு. அந்தச் சங்கடமே அதன் வேலைக்குத் தேவையாகவும் இருக்கலாம். எலக்ட்ரான் அடர்த்தி தெளிவாக இருந்தால் அப்படிப்பட்ட புள்ளியை நம்பலாம். தெளிவில்லாமல் வெளியே நிற்கிற புள்ளிதான் சந்தேகத்துக்குரியது.

இன்னொரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, மங்கலான தரவிலிருந்து பெரிய பெரிய அமைப்புகளைக் கட்டுகிறார்கள். அப்போது புள்ளிகளைத் திட்டுகளுக்குள் தள்ளும்படி மென்பொருளுக்கே உத்தரவு போட வசதி இருக்கிறது. தள்ளிய பிறகு எல்லாப் புள்ளியும் உள்ளே இருக்கும். அறிக்கையில் வெளியே நிற்பது பூஜ்யம் என்று வரும். உற்றுப் பார்த்தால் வேடம் கலைந்துவிடும். இயல்பான புரதத்தில் புள்ளிகள் திட்டின் நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். தள்ளிவிட்ட புள்ளிகள் வேலியோரமாக ஒண்டிக்கொண்டு நிற்கும். புள்ளிகள் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், பரவல் இயல்பாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடும் ராமா-இஸட் என்ற அளவை 2020இல் மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம்.

முதுகலை வகுப்பில் இன்று இதைப் பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். களஞ்சியத்திலிருந்து ஏதேனும் ஒரு அமைப்பை இறக்கி, இலவச மென்பொருளில் போட்டால், கிண்டியில் கையால் போட்ட கணக்கு சில நொடியில் திரையில் வந்துவிடும். வெளியே நிற்கும் ஒரு புள்ளியைச் சொடுக்கி, அந்த அமினோ அமிலத்தில் எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்க்க வேண்டும். 3.0 ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே இரண்டு கார்பன்கள் நெருங்கி நிற்பதைக் கண்ணால் கண்டால், 1955இன் சச்சரவு எதைப் பற்றியது என்று தானாகப் புரிந்துவிடும். அமைப்பைக் கட்டுகிறவருக்கும் ஓர் எளிய விதி உண்டு: புள்ளிகளைத் தள்ள வரைபடத்தைப் பயன்படுத்தியிருந்தால், அதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும், அதே வரைபடத்தைத் தன் அமைப்பு சரி என்பதற்குச் சான்றாகக் காட்டக் கூடாது.